கண்ணாடியில் செல் காலூன்றும் காட்சி: உயிருடன் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிதந்து வரும் ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது இணைப்புத் திசுவின் செல், கண்ணாடித் தரையைத் தொடும்போது சுமார் 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சூடான கல்லில் விட்ட நெய்யைப் போலப் பரந்து கிடக்கிறது. இந்த இடைவெளியில் அது எத்தனையோ இடங்களில் காலூன்றிப் பார்க்கிறது. பல இடங்களில் ஊன்றிய காலை ஒரு நிமிடத்திலேயே எடுத்துவிடுகிறது. சில இடங்களில் மட்டும் அழுத்தி நிற்கிறது. காயம் ஆறும்போது செல்கள் நகர்வதும், புற்றுநோய்ச் செல் இடம்பெயர்வதும் இப்படி ஊன்றியும் எடுத்தும்தான்.

அந்த அரை மணி நேரத்தை உயிருள்ள செல்லில், தெளிவாகப் படமெடுக்க விரும்பும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். செல் வளர்ப்பில் உங்களுக்கு அடிப்படைப் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தவரை, கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை நுண்ணோக்கியின் முன் உட்காருவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. ஆகவே லேசருக்குத் தரும் கவனத்தைக் கண்ணாடிக்கும் பூச்சுக்கும் தாருங்கள்.

எதைப் பார்க்கப்போகிறோம்

செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும் இன்டக்ரின் என்ற புரதம், வெளியே தரையிலுள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே டாலின், வின்குலின், பாக்சிலின் போன்ற புரதங்கள் அதன்மேல் சேர்ந்து, செல்லின் இழுவிசைக் கயிறான ஆக்டின் இழைகளோடு இணைக்கின்றன. இந்த மொத்தக் கட்டமைப்பையும் ஆய்வகங்களில் ஃபோகல் அட்ஹீஷன் என்பார்கள். இங்கே ஒட்டுப்புள்ளி என்று சொல்கிறேன். 2010இல் பகோர்ன் கன்சனவோங், கிளேர் வாட்டர்மன் குழுவினர் நிலைப்படுத்திய செல்களில் மூலக்கூறு மூலக்கூறாக அளந்து, இன்டக்ரினுக்கும் ஆக்டினுக்கும் இடையே சுமார் 40 நானோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்கான புரதப் பகுதி இருப்பதைக் காட்டினார்கள்.

புதிதாகப் பிறக்கும் ஒட்டுப்புள்ளி கால் மைக்ரோமீட்டருக்கும் சிறியது. ஒரு நிமிடம் அளவே வாழ்கிறது. முதிர்ந்தது சில மைக்ரோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, பல நிமிடங்கள் நிற்கிறது. ஆக நமக்கு வேண்டியது செல்லின் அடிப்பாகத்தில் 100 முதல் 200 நானோமீட்டர் வரையிலான ஒரு மெல்லிய தளம் மட்டுமே. மேலே உள்ள மற்றதெல்லாம் மங்கலைத்தான் கூட்டும்.

எந்த நுண்ணோக்கி

பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இங்கே கைகொடுக்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, செல்லின் உட்புறம் ஏறக்குறைய 1.37. லேசர் கண்ணாடிக்குள்ளிருந்து சுமார் 64.5 பாகையைத் தாண்டிய சாய்வில் வந்தால், செல்லுக்குள் நுழையாமல் முழுதும் திரும்பிவிடுகிறது. ஆனாலும் எல்லைக்கு அப்பால் மிக மெல்லிய ஒளிப்புலம் ஒன்று கசிந்து, உயரம் கூடக்கூட வேகமாகத் தேய்கிறது. 488 நானோமீட்டர் லேசரை 70 பாகையில் செலுத்தினால் அது தேயும் தூரம் 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; 66 பாகையில் 180. செல்லின் பாதத்தை மட்டும் ஒளியூட்டும் இந்த உத்தியை டேனியல் ஆக்சல்ராட் 1981இல் செல்களில் செய்து காட்டினார். ஆய்வகங்களில் இதை டர்ஃப் நுண்ணோக்கி என்றே அழைக்கிறோம்.

பொருளருகு லென்ஸின் நியூமெரிக்கல் அப்பர்ச்சர், அதாவது எவ்வளவு சாய்வான ஒளியை அது கையாளும் என்பதைக் காட்டும் எண், 1.45 அல்லது 1.49 இருக்க வேண்டும். 1.4 லென்ஸில் செல்லின் 1.37ஐத் தாண்ட மிகக் குறுகிய இடமே மிஞ்சும். அதை வைத்துப் போராடாதீர்கள். 1.49 லென்ஸில் பச்சை ஒளிக்குக் கிடைக்கும் பிரிதிறன் சுமார் 170 நானோமீட்டர். அதை இழக்காமல் பதிய, கேமராவின் ஒரு பிக்சல் செல்லின்மேல் 85 நானோமீட்டருக்குள் அமைய வேண்டும். 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட கேமராவும் 100 மடங்கு லென்ஸும் சேர்ந்தால் 65 நானோமீட்டர் கிடைக்கும். 60 மடங்கில் அது 108 ஆகிவிடும்.

இதோடு கைவசம் வைத்திருக்க வேண்டிய இன்னொரு முறை உண்டு. ஆடம் கர்டிஸ் 1964இல் கோழிக்கருவின் இதயச் செல்களில் பயன்படுத்திய குறுக்கீட்டு எதிரொளிப்பு முறை அது. கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளியும் செல்சவ்விலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சவ்வு கண்ணாடியை நெருங்கிய இடம் கறுப்பாகவும், சுமார் 90 நானோமீட்டர் விலகிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். ஒளிரும் புரதம் எதுவும் தேவையில்லை, குறைந்த ஒளியே போதும். ஒட்டுப்புள்ளிகள் கரிய கோடுகளாகத் தெரிவதைப் பார்த்தால், இதை ஏன் பலரும் மறந்துவிட்டார்கள் என்று வருத்தமாக இருக்கும்.

படி 1: கண்ணாடி

சாதாரண வளர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக் அடி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன். நம் லென்ஸின் குவியம் அதைத் தாண்டி எட்டாது. 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 1.5 எண் கவர்ஸ்லிப் ஒட்டிய கண்ணாடியடித் தட்டுதான் வேண்டும். முடிந்தால் அடியில் எண்ணிட்ட கட்டங்கள் பொறித்ததை வாங்குங்கள். அதன் பயன் கடைசிப் படியில் தெரியும்.

தனிக் கவர்ஸ்லிப்பைப் பயன்படுத்துவோர் அதைக் கட்டாயம் கழுவ வேண்டும். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மீயொலிக் குளியலில் 20 நிமிடம் வையுங்கள். பின் வடிநீரில் பலமுறை அலசி, எத்தனாலில் நனைத்து உலரவிடுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்தக் காரத்தைத் தொடாதீர்கள். கழுவியது சரியா என்று பார்க்க எளிய வழி, ஒரு சொட்டு நீரை விடுவது. எண்ணெய்ப் பசையுள்ள கண்ணாடியில் சொட்டு முத்துப்போல் குவிந்து நிற்கும். சுத்தமானதில் விளிம்புவரை ஓடிப் படலமாகிவிடும். படலமாகும்வரை மறுபடி கழுவுங்கள்.

படி 2: பூச்சு

ஃபைப்ரோனெக்டினை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவில் பாஸ்பேட் பஃபரில் கலந்து, கண்ணாடி முழுதும் மூடும்படி விட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தப் புரதத்தைக் குலுக்கக் கூடாது. வேகமாகக் கலக்கினாலோ பிப்பெட்டில் நுரைக்க இழுத்தாலோ அது திரிந்து இழையாகிவிடும். பிறகு செல்கள் அந்த இழைகளின்மேல் மட்டும் கூடிப் படத்தைக் குழப்பும். பூசிய கண்ணாடி ஒருமுறைகூடக் காயக் கூடாது.

அடுத்து, வெறுமையாக எஞ்சிய இடங்களை வெப்பத்தால் திரித்த 1 சதவீத ஆல்புமினால் அரை மணி நேரம் அடையுங்கள். இன்னும் இரண்டு தட்டுகளையும் கூடவே தயார் செய்யுங்கள்: ஆல்புமின் மட்டும் பூசியது ஒன்று, பாலிலைசின் பூசியது ஒன்று. முதலாவதில் செல் ஒட்டவே கூடாது. இரண்டாவதில் மின்னூட்டக் கவர்ச்சியால் ஒட்டும், ஆனால் சீரம் இல்லாத தொடக்க நேரத்தில் முறையான ஒட்டுப்புள்ளிகள் எழக் கூடாது. இந்த இரண்டும் சரியாக நடந்துகொண்டால்தான் ஃபைப்ரோனெக்டின் தட்டில் பார்ப்பதை இன்டக்ரினின் வேலை என்று சொல்ல முடியும்.

படி 3: ஒளிரும் புரதம்

ஒளிரும் புரதத்தை ஒட்டுப்புள்ளியின் புரதம் ஒன்றோடு இணைத்துச் செல்லில் வைக்க வேண்டும். தொடக்கநிலை ஒட்டுப்புள்ளிகளைப் பார்க்க பாக்சிலின் நல்ல தேர்வு, அது ஆரம்பத்திலேயே வந்து சேர்கிறது. சைக்சின் என்ற புரதம் முதிர்ந்த ஒட்டுப்புள்ளிகளில்தான் சேரும். ஆகவே ஒரே செல்லில் பாக்சிலினை ஒரு நிறத்திலும் சைக்சினை இன்னொரு நிறத்திலும் வைத்தால், பிறப்பையும் முதிர்வையும் பிரித்துப் பார்க்கலாம்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடைக் குறைவாகவே செலுத்துங்கள். பாக்சிலின் அளவுக்கு மீறினால் செல்லின் நடத்தையே மாறிவிடும். சைட்டோபிளாசம் முழுதும் ஒளிர்ந்து புள்ளிகளை விழுங்கிவிடும். மங்கலாகத் தெரியும் செல்லைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமான செல் கண்ணைக் கவரும், ஆனால் அதிலிருந்து கிடைக்கும் எண்களை நம்ப முடியாது.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பச்சைப் புரதத்தைத் தூண்டும் 488 நானோமீட்டர் நீல ஒளி செல்லுக்குக் கடுமையானது. சிவப்புப் பக்கம் போகப்போகத் தீங்கு குறையும். சிவப்பு ஒளிர்வில் பிரிதிறன் 170லிருந்து 200 நானோமீட்டராக மங்குவது உண்மைதான். ஆனாலும் நீண்ட படப்பிடிப்புக்கு எம்செரி போன்ற சிவப்புப் புரதத்தையோ ஹாலோடேக் என்ற இணைப்புப் புரதத்தில் ஏற்றிய தூரச்சிவப்புச் சாயத்தையோதான் நான் தேர்ந்தெடுப்பேன்.

படி 4: செல்களை எடுத்தல்

என் முதல் முயற்சி கெட்டது இங்கேதான். செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்கும் டிரிப்சின் நொதியை நிறுத்த வழக்கம்போல் சீரம் கலந்த ஊடகத்தை ஊற்றினேன். ஃபைப்ரோனெக்டின் தட்டில் செல்கள் அழகாகப் பரவின. ஆல்புமின் தட்டைப் பார்த்தால், அங்கேயும் கணிசமான செல்கள் பரவியிருந்தன. சீரத்தில் விட்ரோனெக்டினும் ஃபைப்ரோனெக்டினும் ஏற்கெனவே உண்டு. அவை கண்ணாடியின் இடுக்குகளில் போய் அமர்ந்து, நான் பூசாத தரையைச் செல்களுக்கு விரித்துக்கொடுத்திருந்தன. அந்தத் தொகுதிப் படங்கள் அனைத்தையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

சரியான முறை இது. கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பஃபரால் செல்களை அலசி, குறைந்த டிரிப்சினில், செல்கள் உருளத் தொடங்கியதும் நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு சோயா டிரிப்சின் தடுப்பானைப் பயன்படுத்துங்கள். 200 ஜி விசையில் சில நிமிடம் சுழற்றி, மேல்நீரை முழுதாக எடுத்துவிடுங்கள். டிரிப்சின் கரைசலோடு வந்த ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் அதில் மிஞ்சினால் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கவர்ந்துகொள்ளும். அவை இல்லாமல் இன்டக்ரினுக்குப் பிடிமானம் இல்லை. பிறகு சீரம் இல்லாத, சிறிது ஆல்புமின் சேர்த்த ஊடகத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். டிரிப்சின் வெட்டிய புறப்புரதங்களைச் செல் புதுப்பித்துக்கொள்ள இந்த ஓய்வு வேண்டும்.

படி 5: வெப்பமும் ஊடகமும்

ஃபீனால் ரெட் சாயம் இல்லாத ஊடகமே வேண்டும். சாயமும் ரைபோஃப்ளேவினும் தாமே ஒளிர்ந்து பின்னணியைக் கூட்டும். கார்பன் டைஆக்சைடு வசதி இல்லையென்றால் 20 முதல் 25 மில்லிமோலார் ஹெபிஸ் பஃபர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பப் பெட்டியை இரண்டு மணி நேரம் முன்பே இயக்கிவிடுங்கள். பலரும் மறப்பது லென்ஸின் வெப்பத்தை. எண்ணெய் வழியாகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த உலோகத் துண்டு, தட்டின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லென்ஸுக்குத் தனிச் சூடேற்றி இல்லையென்றால் பெட்டி 37 காட்டும்போது செல்லுக்குக் கீழே அதைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த செல் மெதுவாகப் பரவும், நீங்கள் அதை உங்கள் மருந்தின் விளைவு என்று நினைப்பீர்கள்.

படி 6: கோணம் கண்டுபிடித்தல்

இதை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். லேசர் பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மிகக் குறைந்த சக்தியில் லேசரை இயக்குங்கள். நீர் நிரப்பிய தட்டின் வழியே ஒளிக்கற்றை நேராக மேலேறி, கூரையில் ஒரு சிறிய நீலப் புள்ளியாக விழும். கோணத் திருகை மெல்லத் திருப்பத் திருப்ப, புள்ளி கூரையைக் கடந்து சுவரில் இறங்கும். பிறகு நீண்டு சப்பையாகும், ஒரு கணத்தில் காணாமல் போகும். ஆனால் அது நீரின் மேற்பரப்பில் ஒளி திரும்பியதன் அடையாளம் மட்டுமே; கண்ணாடியிலேயே ஒளி திரும்ப, திருகை இன்னும் திருப்ப வேண்டும்.

இப்போது திரையைப் பார்த்தபடி திருப்புங்கள். 100 நானோமீட்டர் ஒளிர்மணிகளை நீரில் கலந்து வைத்திருந்தால், சற்று முன்வரை பனிமூட்டமாக இருந்த படத்தில் பின்னணி கருமையாகி, கண்ணாடியில் ஒட்டிய மணிகள் மட்டும் அசையாமல் நிற்கும். மிதப்பவை தரையை நெருங்கும்போது மட்டும் மின்னி மறையும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் மாறுநிலைக் கோணம் 61 பாகைதான். செல்லுக்கோ 64.5. மணிகளுக்குக் கச்சிதமாக அமைந்த 62 பாகையில் செல்லைப் பார்த்தால், ஒளி செல்லுக்குள் சாய்வாகப் புகுந்துவிடும். ஆகவே மணிகளில் கோணத்தைக் கண்ட பிறகு இன்னும் சில பாகை தள்ளுங்கள். இறுதிச் சரிபார்ப்பைப் பரவி முடித்த செல் ஒன்றில் செய்யுங்கள். உட்கருவைச் சுற்றிய மங்கல் முழுதும் மறைந்து, பாக்சிலின் புள்ளிகள் மட்டும் கூர்மையாக நின்றால் கோணம் சரி. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எல்லாத் தட்டுகளுக்கும் அதையே வையுங்கள்.

படி 7: எவ்வளவு ஒளி, எவ்வளவு இடைவெளி

இடைவெளியைச் செல்லின் வேகம் தீர்மானிக்கட்டும். எலிக்கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் ஃபைப்ரோனெக்டினில் பரவும்போது அதன் விளிம்பு ஏறக்குறைய 24 விநாடிக்கு ஒருமுறை சுருங்கி விரிகிறது. 30 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் இந்தத் துடிப்பு கண்ணில் படவே படாது. 5 விநாடிக்கு ஒன்று என்றால் தெளிவாகத் தெரியும். முதிர்ந்த ஒட்டுப்புள்ளிகள் மட்டும் போதுமென்றால் 30 விநாடியே தாராளம்.

5 விநாடி இடைவெளியில் அரை மணி நேரம் என்றால் 360 படங்கள். ஒவ்வொன்றும் 200 மில்லிவிநாடி என்றால் செல் மொத்தம் 72 விநாடிதான் ஒளியில் நிற்க வேண்டும். ஆனால் கேமரா பதியாத நேரத்திலும் லேசர் எரிந்தால் இந்தக் கணக்கு வீண். லேசரைத் திறந்து மூடும் கட்டளை கேமராவிலிருந்தே நேரடியாகப் போகும்படி இணையுங்கள். கணினி வழியே போனால் ஒவ்வொரு படத்துக்கும் சிறிது நேரம் கூடுதலாகக் கசியும்.

சக்தியை 1 சதவீதத்தில் தொடங்கி, ஒட்டுப்புள்ளி பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். படம் கொஞ்சம் மணல்மணலாக இருந்தால் இருக்கட்டும். அட்டைப்படத்துக்கு ஏற்ற அழகு வேண்டுமென்று ஒளியைக் கூட்டினால், சில நிமிடங்களில் விளிம்பு பின்வாங்கும், சவ்வில் கொப்புளங்கள் எழும். அதன் பிறகு பதிவாவது ஒளியால் வதைபட்ட செல்லின் நடத்தை. அரை மணி நேர முடிவில் ஒளிர்வு 15 சதவீதத்துக்கு மேல் வெளுத்திருந்தால் அந்தப் பதிவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 8: படப்பிடிப்பு

செல்களை விடுவதற்கு முன்பே குவியத்தைக் கண்ணாடியின் மேற்பரப்பில் வைத்து, தானியங்கிக் குவியப் பூட்டை இயக்கிவிடுங்கள். வெறுங்கண்ணாடியில் ஒட்டிய ஓரிரு மணிகளோ, எதிரொளிப்புப் படமோ இதற்கு உதவும். செல் வந்த பிறகு குவியத்தைத் தேடினால் முதல் இரண்டு நிமிடங்கள் போய்விடும். நாம் பார்க்க விரும்பியதே அந்த நிமிடங்களைத்தான்.

37 டிகிரியில் வைத்த செல் கலவையைத் தட்டின் ஓரமாக மெதுவாக விடுங்கள். குளிர்ந்த நீர்மம் பட்டால் கண்ணாடி வளைந்து குவியம் நகரும். பதிவைத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள்.

முதலில் கரிய திரையில் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு மங்கிய சிறு வட்டம் தோன்றும், செல்லின் அடிவயிறு ஒளித் தளத்துக்குள் இறங்கிவிட்டது. வட்டம் சில நிமிடங்கள் தயங்கும். திடீரென்று விளிம்பு எல்லாப் பக்கமும் ஒருசேர விரியும், அதன் பின்னால் மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள் எழும். பெரும்பாலானவை எழுந்த இடத்திலேயே அணையும். ஒன்றிரண்டு மட்டும் அணையாமல் நீளும். நீளும் திசை ஏறக்குறைய செல்லின் மையத்தை நோக்கியே இருக்கும், ஏனென்றால் ஆக்டினை இழுக்கும் மயோசின் என்ற இயக்கப் புரதம் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த முதல் நீட்சியில் என் கை திருகிலிருந்து விலகிவிடும்.

படி 9: மருந்து சேர்ப்பதாக இருந்தால்

மயோசினைத் தடுக்க பலரும் பிளெபிஸ்டாட்டினை எடுக்கிறார்கள். அது நீல ஒளியில் செயலிழப்பதோடு, செல்லுக்கு நஞ்சாகவும் மாறுகிறது. 488 லேசரோடு அதைச் சேர்க்கவே கூடாது. மயோசினைத் தூண்டும் ரோ கைனேஸ் நொதியைத் தடுக்கும் ஒய்-27632, 10 மைக்ரோமோலார் அளவில், பாதுகாப்பான மாற்று. மயோசின் இழுவை குறைந்ததும் நீண்ட ஒட்டுப்புள்ளிகள் கரையும். விளிம்பில் புதிய நுண்புள்ளிகள் எழுவதோ நிற்காது. பிறப்புக்கு இழுவிசை தேவையில்லை, முதிர்வுக்குத் தேவை என்பதைக் கண்ணால் காணும் சோதனை இது.

படி 10: அளவீடு

2048க்கு 2048 பிக்சல் படம் ஒன்று சுமார் 8 மெகாபைட். ஒரு செல்லுக்கு 3 கிகாபைட் ஆகும். மூலக்கோப்பை 16 பிட் டிஃப் வடிவிலேயே சேமியுங்கள். ஃபிஜி மென்பொருள் இலவசம், போதுமானது. பின்னணியைக் கழித்து, ஒட்டுப்புள்ளியின் ஒளிர்வை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். ஏறும் பகுதியின் மடக்கையில் கிடைக்கும் சரிவு சேரும் வேகத்தையும், இறங்கும் பகுதியின் சரிவு கலையும் வேகத்தையும் தரும்.

ஆனால் டர்ஃப் படத்தில் ஒளிர்வு ஏறினால் புரதம் சேர்ந்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒளிப்புலம் 100 நானோமீட்டரில் தேய்கிறது என்றால், சவ்வு வெறும் 20 நானோமீட்டர் கீழே இறங்கினாலே ஒளிர்வு 22 சதவீதம் கூடும், ஒரு மூலக்கூறுகூடப் புதிதாக வராமலேயே. இதைப் பிரிக்க, சைட்டோபிளாசத்தில் எங்கும் கலந்திருக்கும் வேறு நிறப் புரதம் ஒன்றையும் அதே செல்லில் வைத்து, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். விகிதம் ஏறினால் சேர்க்கை. இரண்டும் சேர்ந்து ஏறினால் சவ்வு இறங்கியிருக்கிறது. குறுக்கீட்டு எதிரொளிப்புப் படமும் இதற்கு நல்ல சாட்சி.

புள்ளியியலில், ஒரு செல்லில் 300 ஒட்டுப்புள்ளிகள் கிடைத்தாலும் அது ஒரே ஒரு செல்தான். எண்ணிக்கையைச் செல்களில், வெவ்வேறு நாள்களில் செய்த சோதனைகளில் சொல்லுங்கள்.

படி 11: மறுநாள் காலை

பதிவு முடிந்ததும் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். படமெடுத்த செல்லின் கட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, தூய்மை கெடாமல் சீரம் உள்ள ஊடகத்துக்கு மாற்றி, இன்குபேட்டரில் வையுங்கள். மறுநாள் அதே கட்டத்தையும் சுற்றியுள்ள கட்டங்களையும் சாதாரண ஒளியில் பாருங்கள். லேசர் படாத பகுதியில் செல்கள் பிரிந்து பெருகியிருக்கும். உங்கள் கட்டத்தில் சுருங்கிய உருண்டை ஒன்று மிதந்தால், லேசர் சக்தியைப் பாதியாக்கிப் படி 7க்குத் திரும்புங்கள். ஒளிரும் செல்கள் இரண்டு, அக்கம்பக்கமாகப் பரவிக் கிடந்தால், நேற்றைய பதிவைத் திறந்து அளக்கத் தொடங்கலாம்.